சின்னப் பிள்ளைகளின் அறிவியல் ப்ராஜெக்ட்: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் என் ஃபோனுக்கு ஓய்வு கிடையாது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். 1987இலிருந்து அந்த நாளைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளியில் கண்காட்சி வைக்க அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? "டீச்சர், இவனுக்கு என்ன செஞ்சு குடுக்கிறது?" என்று தொடங்கும் அழைப்புகள் வரிசையாக வரும்.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பல வருடமாக அறிவியல் நடத்துகிறேன். வீட்டில் ஒரு மகளையும் வளர்த்து, அவளுடைய ப்ராஜெக்ட்டுகளைக் கெடுத்த அனுபவமும் உண்டு. ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் இப்படி எழுதி வைத்துவிட்டேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

ராத்திரி எட்டரை மணிக்கு "நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டுபோகணும்" என்கிறாள். இப்போது என்ன செய்வது?

முதலில் திட்டாதீர்கள். திட்டி முடிக்கவே ஒன்பதாகிவிடும். அடுப்படியில் மஞ்சள்தூள் இருக்கிறதா? அது போதும்.

இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, டிராயிங் நோட்டுத் தாளில் தடவச் சொல்லுங்கள். வழவழப்பான தாள் வேண்டாம், ஊறாது. ஃபேனுக்கு அடியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததும் விரல் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளலாம். அதற்குள் சின்னக் கிண்ணங்களில் எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், ஆப்பசோடா கரைத்த தண்ணீர், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீர் என்று வரிசையாக வைத்துவிடுங்கள். சுண்ணாம்பை மட்டும் நீங்கள்தான் கரைக்க வேண்டும். அது கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

பட்டையை நனைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கிண்ணத்திற்கும் "இதில் நிறம் மாறுமா, மாறாதா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவளே எழுதட்டும். அப்புறம் நனைக்கட்டும். சோப்பிலும் சுண்ணாம்பிலும் பட்டை நன்றாகச் சிவக்கும். ஆப்பசோடாவில் லேசாக ஆரஞ்சுப் பக்கம் போகும், அவ்வளவுதான். எலுமிச்சை, மோர், புளி, சர்க்கரை எதிலும் மஞ்சள் அசையாது. சிவந்த பட்டையின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்கள். திரும்ப மஞ்சளாகிவிடும். அந்த இடத்தில் கத்தாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்திக்குக் கரைக்கும் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பது இதனால்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யும் குங்குமத்தின் சிவப்பும் இதுதான். மீனாட்சியம்மன் கோவில் குங்குமம் இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்? சார்ட்டில் ஒரு ஓரத்தில் ஆரத்தித் தட்டை அவளே வரையட்டும்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. அமிலத்துக்கும் சும்மா தண்ணீருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் மஞ்சளாகவே நிற்கும். வேலியில் சங்குப்பூ பூத்திருந்தால் நாலைந்து பூவைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீலத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். அதில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சைப் பக்கம் போகும். மஞ்சள் விட்ட இடத்தைச் சங்குப்பூ பிடித்துக்கொள்கிறது என்று பிள்ளையே சொல்லிவிட்டால் நாலாம் வகுப்புக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஒரு வாரம் இருக்கிறது. தலைப்பை எங்கே பிடிப்பது?

பிள்ளை ஏற்கெனவே கேட்ட கேள்வியில். "மல்லிகை மொட்டு ஏன் சாயங்காலம் விரியுது?" "பானைத் தண்ணி மட்டும் ஏன் சில்லுனு இருக்கு?" "மாவு ஏன் பொங்கி வழியுது?" இதெல்லாம் வீட்டில் கேட்டு, நாம் "சும்மா இரு" என்று சொன்ன கேள்விகள். யோசித்துப் பாருங்கள், நாலைந்து ஞாபகம் வரும். அதில் எதைக் கையால் செய்து, கண்ணால் பார்த்து, ஸ்கேலாலோ கடிகாரத்தாலோ அளக்க முடியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். "சூரியக் குடும்பம்" எடுத்தால் ஒன்பது பந்து வாங்கிச் சாயம் அடிப்பதோடு முடிந்துவிடும். அது கைவேலை. அதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு வாரத்துக்கு நான் எப்போதும் கைகாட்டுவது முளைப்பாரி. உங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவதைப் பிள்ளை பார்த்திருக்கும். வெயில் படாத அறைக்குள் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். வெளியே எடுக்கும்போது பயிர் இளமஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். அது ஏன் மஞ்சள்? ஏன் அவ்வளவு உயரம்? இந்த இரண்டு கேள்விதான் ப்ராஜெக்ட்.

இரண்டு சிரட்டையில் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், ஆளுக்குப் பத்துப் பாசிப்பயறு. சிரட்டையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும், அதை நீங்கள் போட்டுக் கொடுங்கள். ஒன்றை ஜன்னலிலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைக்க வேண்டும். தொடங்கும்போதே "எது உயரமா வளரும்?" என்று கேட்டு எழுத வையுங்கள். என் வகுப்பில் அநேகமாக எல்லாப் பிள்ளையும் ஜன்னல் பக்கம்தான் கை தூக்கும். ஐந்தாறு நாளில் அலமாரிப் பயிர் ஜன்னல் பயிரைத் தாண்டி நிற்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இருட்டில் முளைத்த செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகிறது. அந்த நேரத்துக்கு வேண்டிய சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது கிடைக்காததால் மஞ்சளாக நிற்கிறது. நெட்டையாக இருந்தாலும் வலு இல்லை, தொட்டால் சாயும். தினமும் ஒரே நேரத்தில் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதினால் சார்ட்டுக்கு வேண்டிய அட்டவணை தயார். ஊரில் அப்பத்தாவோ அம்மாச்சியோ முளைப்பாரி போட்டவர்களாக இருந்தால் அவர்களிடம் பிள்ளையைப் பேசவிடுங்கள். எத்தனை நாள், என்னென்ன பயறு, ஏன் இருட்டு என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி ஒட்டலாம்.

எரிமலை செய்யலாமா?

செய்யலாம். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பசோடாவோடு வினிகர் சேர்ந்தால் கரியமில வாயு நுரைத்து வரும், அதற்கும் நிஜ எரிமலைக்கும் தொடர்பு இல்லை. பிள்ளை அடம் பிடித்தால் மலையை விட்டுவிட்டு, பாட்டில் வாயில் பலூனை மாட்டி "எத்தனை ஸ்பூன் சோடாவுக்குப் பலூன் எவ்வளவு பெரிசாகும்" என்று அளக்கச் சொல்லுங்கள்.

"வொர்க்கிங் மாடல்"தான் வேண்டுமாம். மோட்டார், லைட் எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், மாற வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. மதுரைக்காரர்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, சொல்லட்டுமா?

2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அதையெல்லாம் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிவிட்டது. நாடே சிரித்தது, நாமும்தான் சிரித்தோம். வெளியூர்க்காரர்கள் இன்னும் நம்மைப் பார்த்தால் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் தண்ணீரை மூடினால் ஆவியாவது குறையுமா என்பது நல்ல கேள்வி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். வெயில் பட்டுத் தண்ணீரில் கெட்ட ரசாயனம் உண்டாகாமல் தடுப்பது முதல் நோக்கம், ஆவியாவதைக் குறைப்பது கூடவே கிடைத்த லாபம். பந்துகள் உருண்டு தாமாகவே நெருங்கி நின்று பரப்பை மூடிக்கொள்ளும். லேசான அட்டைகளோ, காற்று அடித்த பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன.

மொட்டைமாடியில் ஒரே மாதிரி மூன்று பேசின் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றட்டும். ஒன்று திறந்தபடி. இரண்டாவதில் பேசின் அளவுக்கு வெட்டிய தெர்மாகோல். மூன்றாவதில் பாட்டில் மூடிகளை நெருக்கமாக மிதக்கவிடலாம். மூன்று நாள் கழித்து மிச்சத்தை அளந்தால் எது எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று தெரிந்துவிடும். மார்ச் வெயிலுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

முதல் தடவை இதை நான் என் மகளோடு செய்தபோது திறந்த பேசின் ஒரே நாளில் பாதியாகிவிட்டது. அவளுக்கு ஒரே குஷி. மறுநாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனால், இரண்டு காக்கா பேசின் விளிம்பில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கின்றன! அப்புறம் மூன்றுக்கும் கொசுவலைத் துணியைக் கட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்தக் காக்கா கதையைச் சார்ட்டில் எழுதலாமா வேண்டாமா என்று கேட்டாள். எழுதத்தான் சொன்னேன். வந்தவர்கள் எல்லாரும் நின்று படித்தது அதை மட்டும்தான்.

நான் எவ்வளவு உதவி செய்யலாம்?

கத்தி, அடுப்பு, சுடு பசை, ஏணி இவை உங்கள் பொறுப்பு. கேள்வி, ஊகம், அளவு, எழுத்து, படம் இவை பிள்ளையின் பொறுப்பு. நடுவில் இருப்பதைக் கூடச் சேர்ந்து செய்யுங்கள்.

சொல்வது சுலபம். என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நானும் அவள் அப்பாவும் சேர்ந்து ஒரு காற்றாலை செய்தோம். "செய்தோம்" என்றால் நாங்கள் இருவரும் செய்தோம். அவள் தூங்கிவிட்டாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்பது போலவே மூன்று இறக்கை, அடியில் வயல், வயலுக்குள் மாடு. கண்காட்சியில் ஒருவர் வந்து "இது எப்படிப்பா சுத்துது?" என்று கேட்டார். "எங்கப்பா சுத்தி விடுவாங்க" என்றாள். அன்றைக்கு வாங்கியதுதான் எனக்குப் பாடம்.

எழுத்துப்பிழை இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். பென்சிலில் எழுதும்போது ஒரு தடவை சொல்லுங்கள், திருத்தினால் சரி. ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிட்டால் விட்டுவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் சார்ட்டில் "ஆவியாதல்" என்பது "ஆவியாதள்" என்று இருந்தால் வைகை வற்றிவிடாது.

கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கலாமா என்பதற்கு என் பதில்: வாங்கலாம், கொலுவில் வைக்கலாம்.

சோதனை சரியாக வரவில்லை. மாற்றி எழுதிவிடலாமா?

எழுதக்கூடாது. வராததைத்தான் எழுத வேண்டும். ஒரு பையன் இட்லி மாவு எடுத்துக்கொண்டான். ஒரே மாதிரி மூன்று டம்ளரில் பாதியளவு மாவு, மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்டு. ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று அடுப்படி மேடையில், ஒன்று மாடிப்படிக்கு அடியில். மணிக்கு ஒரு தடவை பார்த்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுத வேண்டும். மாவில் இருக்கும் நுண்ணுயிரிகள் விடும் கரியமில வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது. சூட்டில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும், ஃப்ரிட்ஜில் சோம்பிக் கிடக்கும். அதனால்தான் மே மாதம் ராத்திரி ஆட்டிய மாவு விடிவதற்குள் வழிகிறது, மார்கழியில் அசையாமல் கிடக்கிறது. நல்ல சோதனை.

அவன் நோட்டில் இப்படி இருந்தது: "7 மணி: 2 விரல். 8 மணி: மாவு இல்லை. அப்பத்தா தோசை ஊத்திருச்சு."

மற்ற இரண்டு டம்ளரையும் வைத்து அவன் அட்டவணையை முடித்திருந்தான். மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அந்த வரியை அப்படியே விட்டிருந்தான். நான் முழு மதிப்பெண் போட்டேன். பொய்யாக ஒரு எண்ணை நிரப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதுதான். ஆனால் அவனுக்குத் தெரியுமே.

வேண்டுமானால் "அடுத்த தடவை என்ன மாற்றுவேன்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவன் சேர்த்த வரி: "டம்ளரை ஒளிச்சு வைப்பேன்."

எதையெல்லாம் தொடவிடக் கூடாது?

சுவரில் உள்ள கரண்ட் எதற்கும் வேண்டாம். பேனா பேட்டரி இரண்டும் சின்ன எல்இடி பல்பும் போதும். பொத்தான் மாதிரி இருக்கும் தட்டைப் பேட்டரியை வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொண்டுவரவே வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாதரசம் உள்ள பழைய தெர்மாமீட்டர் வேண்டாம். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவிடாதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், பட்டாசு மருந்து எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது.

ஆபத்து இல்லாத ஆனால் எரிச்சலான ஒன்று: சட்டென்று ஒட்டும் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசைதான் அதற்குச் சரி. கண்காட்சிக்கு முந்தின ராத்திரி இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

இருநூறு ரூபாயைத் தாண்டினால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஒரு சார்ட், ஸ்கெட்ச் பேனா, பசை. மீதி அடுப்படியில் இருக்கிறது.

மதுரையில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒரு சனிக்கிழமையை அங்கே கழிக்கலாம். களிமண்ணில் ஏதாவது செய்வதென்றால் விளாச்சேரி. கொலுப் பொம்மை செய்கிறவர்கள் மண்ணைப் பதம் பார்ப்பதைப் பிள்ளை பார்த்தாலே போதும். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதை எடுத்தால் மானாமதுரைப் பானை ஒன்றும் எவர்சில்வர் குடம் ஒன்றும் போதும். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானைக்குப் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த இடம் நாட்டு மருந்துக் கடை. தேற்றாங்கொட்டை என்று கேளுங்கள், படிகாரமும் ஒரு துண்டு வாங்குங்கள். கலங்கிய கண்மாய்த் தண்ணீரை மூன்று கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றில் படிகாரத்தைக் கலக்கி, ஒன்றில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கி வைக்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் பொடி மண் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி அடியில் படியும். எது முதலில் தெளிகிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை ஃபோட்டோ எடுக்கலாம். இந்தக் கொட்டையால் நீரைத் தெளியவைப்பது சங்கப் பாட்டிலேயே உவமையாக வருகிறது, தமிழ் டீச்சரையும் இழுத்துவிடலாம். ஒன்று மட்டும் சார்ட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்: தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்கும், கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு. ஒரு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. பெரிதாக ஏதாவது?

நிழலை அளக்கச் சொல்லுங்கள். காசே ஆகாது.

மாடியில் மட்டமான இடத்தில் 30 செ.மீ. குச்சியை நேராக நிறுத்த வேண்டும். ஒரு பூந்தொட்டி மண்ணில் குத்தலாம், மண்ணுக்கு மேலே 30 செ.மீ. இருக்க வேண்டும், நிழல் தொட்டிக்குள்ளேயே விழும்படி தொட்டி அகலமாக இருப்பது நல்லது. காலை 11.45இலிருந்து 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் புள்ளி வைத்து அளக்க வேண்டும். எப்போது நிழல் மிகச் சின்னதாக இருக்கிறது? எல்லாரும் 12 மணி என்று சொல்வார்கள். மதுரையில் அப்படி வராது. பிப்ரவரி நடுவில் செய்தால் 12.30ஐத் தாண்டித்தான் வரும். நவம்பர் தொடக்கத்தில் செய்தால் ஏறக்குறைய 12 மணிக்கே வந்துவிடும்.

காரணம் இரண்டு. நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து. மதுரை அதற்கு மேற்கே, 78.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் கணக்குப் போட்டால் நமக்கு உச்சிவேளை சுமார் பதினேழு, பதினெட்டு நிமிடம் தாமதம். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போடும். மிச்ச ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பூமியின் சாய்வும் சூரியனைச் சுற்றும் பாதையும். அதை "பெரிய வகுப்பில் படிப்பேன்" என்று எழுதிவிடலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விட்டு விட்டு வருடம் முழுக்கச் செய்தால் இன்னும் அழகு. டிசம்பர் கடைசியில் அந்த 30 செ.மீ. குச்சிக்கு உச்சி நிழல் 20 செ.மீ. அளவுக்கு வடக்கே விழும். ஜூன் கடைசியில் ஏழு செ.மீ., அதுவும் தெற்கே! நடுவில் சித்திரை பிறந்து ஒன்றிரண்டு நாளில், அப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில், சூரியன் நேர் உச்சியில் வரும். நிழல் குச்சியின் காலடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சித்திரை வெயிலில் மாடியில் நிற்கச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ஐந்து நிமிடம் போதும், தொப்பியும் செருப்பும் போட்டு அனுப்புங்கள்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளை. கண்காட்சியில் ஆங்கிலத்தில்தானே பேச வேண்டும்?

முதலில் தமிழில் சொல்ல வையுங்கள். வீட்டில் உங்களிடம், அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம், அப்புறம் ஃபோனில் தாத்தாவிடம். மூன்று தடவை தமிழில் சொல்லிவிட்டால் என்ன நடந்தது என்பது பிள்ளைக்குத் தெளிவாகிவிடும். அதற்குப் பிறகு பள்ளிக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் நாலைந்தைச் சேர்த்தால் போதும். நேராக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மறுபடி "குட்மார்னிங்"கிலிருந்து ஆரம்பிப்பார்கள், பாவம்.

யூடியூபில் பார்த்துச் செய்யலாமா? கம்ப்யூட்டரிடம் கேட்டு எழுதி வாங்கலாமா?

பார்க்கலாம். பார்த்ததில் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள், பாசிப்பயறுக்குப் பதில் வெந்தயம், வினிகருக்குப் பதில் எலுமிச்சை. எழுதி வாங்கியதை வாசித்தவுடன் எங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை "இதன் முக்கியத்துவம் அளப்பரியது" என்று எழுதாது.

பரிசு கிடைக்கவில்லை. அழுதுகொண்டே வந்தான்.

அழட்டும். அழுது முடித்ததும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள். "அந்தப் பையனுக்கு ஏன் குடுத்தாங்க?" என்ற ஆராய்ச்சியில் மட்டும் நீங்கள் இறங்காதீர்கள். பிள்ளை அடுத்த நாளே மறந்துவிடும், பெற்றோர்தான் வருடக்கணக்கில் சுமப்பார்கள். எனக்கும் ஒன்று இரண்டு இன்னும் மறக்கவில்லை.

முளைப்பாரிச் சிரட்டையை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை என்கிறாள்.

அலமாரியில் இருந்ததையும் எடுத்து ஜன்னலில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நாளில் பச்சை ஏறும், அதையும் நோட்டில் எழுதலாம். பிறகு இரண்டையும் பெரிய தொட்டிக்கு மாற்றி வெயில் படும் இடத்தில் வைத்தால், பிழைத்த செடி இரண்டு மாதத்தில் காய்க்கும். பத்துப் பயறு போட்டதற்கு எத்தனை வந்தது என்று எண்ணிப் பார்த்து எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள்.